செயற்கைக்கோள் படத்தில் கப்பல் தேடுபவர்கள் இங்கே வாருங்கள் (கடற்படைத் தளம், கைவிட்ட கப்பல், உடைக்கும் கடற்கரை)

உப்புக்காற்று எழுதியது:

ராத்திரி பத்து மணிக்கு மேல், வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு எனக்கு ஒரு வேலை உண்டு. கூகுள் எர்த்தைத் திறந்து ஏதாவது ஒரு நாட்டின் கடற்கரையைப் பிடித்து, அப்படியே ஓரமாக நகர்ந்துகொண்டே போவது. நான்கு வருடமாகிறது. தேடுவது கப்பல்களை. ஓடுகிற கப்பல் இல்லை. கரைதட்டி நிற்பது, துருவேறிக் கிடப்பது, கடற்படை வேண்டாமென்று ஓரங்கட்டி வைத்திருப்பது. இதே கிறுக்கு வேறு யாருக்காவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த இழை.

எனக்குப் பிடித்த இடத்தைச் சொல்லித் தொடங்குகிறேன். அமெரிக்காவில் மேரிலாந்துப் பக்கம், போட்டோமாக் ஆற்றில் மேலோஸ் பே என்று ஒரு சின்ன வளைகுடா. மேலிருந்து பார்த்தால் கரையோரம் குட்டிக் குட்டித் தீவுகள். கொஞ்சம் நெருங்கினால்தான் உறைக்கும், எல்லாத் தீவுக்கும் ஒரே வடிவம். முனை கூர்ந்து, நடு பருத்து, ஒன்றை ஒட்டி ஒன்றாகப் பந்தியில் இலை போட்ட மாதிரி. அத்தனையும் கப்பல். முதல் உலகப் போருக்காக அவசர அவசரமாகக் கட்டிய மரத்தாலான நீராவிக் கப்பல்கள். பெரும்பாலானவை வேலைக்கு வருவதற்குள் போரே முடிந்துவிட்டது. கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிக்கொண்டு, 1925-ல் பலவற்றைத் தண்ணீர் மட்டம் வரை கொளுத்திவிட்டார்கள். நூறுக்கு மேல் கிடக்கின்றன. எரிந்த மரத்தில் வண்டல் படிந்து, வண்டலில் செடி முளைத்து, இப்போது பெரிய மரமே நிற்கிறது. 2019-ல் அந்த இடத்தைக் கடல்சார் சரணாலயமாக அறிவித்தார்கள். கோடையில் எடுத்த படத்தையும் குளிர்காலப் படத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கோடையில் பச்சைக் கப்பல். குளிர்காலத்தில் வெறும் விலா எலும்பு.

அடுத்து மேற்கு ஆப்பிரிக்காவில், மௌரித்தேனியாவின் நுவாதிபு துறைமுகம். அங்கே பல வருடம் கேட்பாரற்று விட்டுப்போன மீன்பிடிக் கப்பல்களால் விரிகுடாவே நிறைந்து கிடந்தது. பழைய படங்களில் எண்ணத் தொடங்கினால் விரல் வலிக்கும். கொஞ்சம் தெற்கே கேப் பிளாங்கில் ‘யுனைடெட் மலிகா’ என்ற குளிர்பதனக் கப்பல் 2003-ல் கரைதட்டி, மணலில் தனியாக நிற்கிறது.

கடற்படைத் தளம் என்றால் ரஷ்யாவில் மர்மான்ஸ்க் அருகே சைடா விரிகுடா. கரையில் பெரிய கான்கிரீட் தளம், அதன்மேல் வரிசை வரிசையாகப் பருத்த உருளைகள். முதலில் எண்ணெய்த் தொட்டி என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, உடைத்த அணுசக்தி நீர்மூழ்கிகளின் அணு உலைப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து இருபுறமும் அடைத்து அங்கே வைத்திருக்கிறார்கள். காலக்கோட்டை நகர்த்தினால் வருடத்துக்கு வருடம் வரிசை நீளுவது தெரியும்.

ஒரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு துறைமுகத்தில் சரிபாதியாக வெட்டிய கப்பலைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். கத்தியால் நறுக்கிய மாதிரி நேர்க்கோட்டில் பாதி இல்லை. நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துத்தான் புத்தி வந்தது. அங்கே இரண்டு தேதிப் படங்களை ஒட்டியிருக்கிறார்கள். தையல் கப்பலின் நடுவில் விழுந்திருக்கிறது. இரண்டாவது தேதியில் கப்பல் கிளம்பிப் போய்விட்டது, அவ்வளவுதான்.

சரி, உங்கள் கண்டுபிடிப்புகளைப் போடுங்கள்.

---

வரைபடப் பையன் எழுதியது:

அண்ணா, அந்தத் தையல் விஷயத்தில் நானும் விழுந்திருக்கிறேன். நான் தொலையுணர்வு படிக்கிறவன், எனக்கே அந்தக் கதி என்றால் பாருங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்சம் தொழில் விஷயம். மொபைலில் பார்க்காதீர்கள். கணினியில் கூகுள் எர்த் ப்ரோ போட்டுக்கொள்ளுங்கள், 2015-லிருந்து இலவசம். அதில் கடிகார முத்திரையை அழுத்தினால் பழைய படங்கள் தேதி வாரியாக வரும். அதுதான் உயிர். ஒரே ஒரு படத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

நீளம் அளக்க அளவுகோல் இருக்கிறது. ஆனால் படம் எப்போதும் நேர் மேலிருந்து எடுத்ததாக இருக்காது. செயற்கைக்கோள் சாய்ந்து பார்த்திருந்தால் உயரமான கப்பல் ஒரு பக்கம் சரிந்த மாதிரி தெரியும். அப்போது முன்முனையைத் தண்ணீர் மட்டத்தில் வைத்து, பின்முனையை மேல்தளத்தில் வைத்து அளந்தால் கணக்கு கோவிந்தா. இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கை பழக விசாகப்பட்டினம் போங்கள். ராமகிருஷ்ணா கடற்கரை மணலில் ஐஎன்எஸ் குர்சுரா நீர்மூழ்கி 2002-லிருந்து அருங்காட்சியகமாக நிற்கிறது. நீளம் 91 மீட்டர். அதை ஐந்தாறு தேதிப் படத்தில் அளந்து பாருங்கள், உங்கள் கை எவ்வளவு பிசகுகிறது என்று தெரிந்துவிடும். எனக்கு இரண்டு மீட்டர் பிசகும்.

கூகுளில் படம் பழசாக இருந்தால் சென்டினல்-2. ஐரோப்பியர்களுடையது, இலவசம், இரண்டு செயற்கைக்கோள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும். ஆனால் ஒரு புள்ளி 10 மீட்டர். 200 மீட்டர் கப்பலே இருபது புள்ளிதான். கப்பல் இருக்கிறதா, இல்லையா என்று சொல்லும். என்ன கப்பல் என்று சொல்லாது. மேகம் மூடியிருந்தால் சென்டினல்-1, அது ராடார். மேகத்தைத் துளைத்துக்கொண்டு வரும். கடல் கறுப்பாகவும் இரும்பு பளீர் வெள்ளையாகவும் தெரியும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓடுகிற கப்பல் தன் நுரைத்தடத்தின் மேல் இருக்காது, சற்றுத் தள்ளி நிற்கும். ராடார் இடத்தைக் கணக்கிடும் முறையில் வேகம் புகுந்து குழப்புவதால் வருவது. தண்டவாளத்தை விட்டு ரயில் விலகி ஓடுகிற மாதிரி இருக்கும்.

---

சந்தேகப்பிராணி எழுதியது:

//கடற்படைத் தளம்//

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் தேவையா? 2005 அக்டோபரில் அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது ஐதராபாத்தில் போலீஸ் அதிகாரிகளிடம் இதைப் பற்றித்தானே கவலைப்பட்டார்? முக்கியமான இடங்களின் துல்லியமான படம் எவன் கையிலும் கிடைக்கிறது, தீவிரவாதிகளுக்கு உதவும் என்று. விஞ்ஞானி சொன்னது. நாம் அதையே பொழுதுபோக்காக வைத்துக்கொண்டு கூடிக் கும்மியடிக்கிறோம்.

---

உப்புக்காற்று எழுதியது:

கலாம் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. கூகுள் எர்த் வந்தே நாலு மாதம்தான் ஆகியிருந்தது அப்போது. எல்லோருக்கும் அதிர்ச்சி.

ஆனால் மறைப்பதும் அவ்வளவு சுலபமில்லை. 2018-ல் ஒரு கூத்து நடந்தது. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் வரைபடம் துருக்கியிலும் இஸ்ரேலிலும் ராணுவ இடங்களை மட்டும் மங்கலாக்கியது. அமெரிக்க விஞ்ஞானிகள் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒருவர் உட்கார்ந்து மங்கலை மட்டும் எண்ணினார். முந்நூறுக்கு மேல் வந்தது. தெரியாதிருந்த இடத்துக்கெல்லாம் அவர்களே பொட்டு வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அதே கூட்டமைப்பின் ஹான்ஸ் கிறிஸ்டென்சன் 2007 ஜூலையில் செய்தது இன்னும் சுவாரசியம். சீனாவின் புதிய ஏவுகணை நீர்மூழ்கி ஜின் வகை, அதை யாரும் பொதுவெளியில் பார்த்ததில்லை. தாலியான் அருகே சியாவ்பிங்தாவ் தளத்தின் கூகுள் எர்த் படத்தில் துறையோரம் கட்டிக் கிடந்தது. எப்படி உறுதி செய்தார்? அளந்துதான். பழைய சியா வகையைவிட இது ஏறக்குறைய பத்து மீட்டர் நீளம். ஏவுகணை வைக்கும் பகுதிதான் நீண்டிருந்தது. தம்பி சொன்ன அதே அளவுகோல், அதே மவுஸ்.

படத்தில் சிக்குவோம் என்பது கடற்படைகளுக்கும் தெரியும். ஹைனான் தீவில் யூலின் தளத்தில் மலையைக் குடைந்து நீர்மூழ்கிக்குச் சுரங்க வாசல் வைத்திருக்கிறார்கள். 2020 ஆகஸ்டில் வந்த ஒரு படத்தில் நீர்மூழ்கி ஒன்று சரியாக வாசலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அத்தனை பெரிய மலையைக் குடைந்தும் அந்த ஒரு நிமிடம் மாட்டிக்கொண்டார்கள்.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

இழை சூடாவதற்கு முன் ஒரு வார்த்தை. ஓய்வுபெற்றவை, உடைக்கப் போனவை, மூழ்கியவை, செய்தியில் வந்தவை பற்றி எழுதுங்கள். நம் நாட்டில் இயங்கும் தளங்களின் ஆள்கூறு, எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்ற தகவல் இங்கே வேண்டாம். போட்டால் நீக்கிவிடுவேன்.

---

சந்தேகப்பிராணி எழுதியது:

அது சரி. எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

(அளவுகோலை எடுத்துக் குர்சுராவை அளந்தேன். 94 வந்தது. சிரிக்காதீர்கள்.)

---

கொட்டியாரம் எழுதியது:

வணக்கம். நான் திருகோணமலை, இப்ப இருக்கிறது கனடாவில். இந்த இழையை ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன்.

எங்கட துறைமுகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம். பிரித்தானியக் கடற்படை அங்கே இருந்த காலத்தில் பெரிய மிதக்கும் தளம் ஒன்று வைத்திருந்தார்கள். கப்பலை உள்ளே ஏற்றி, தண்ணீரை வெளியேற்றித் தூக்கி நிறுத்திப் பழுது பார்க்கிறது. 1944 ஆகஸ்டில் வேலியன்ட் என்ற போர்க்கப்பலைத் தூக்கும்போது அந்தத் தளமே முறிந்து தாழ்ந்துபோனது. கப்பல் தப்பிவிட்டது, நல்ல சேதத்தோட. அப்பப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். சின்ன வயதில் இதைக் கதை கதையாகச் சொல்வார், நாங்கள் நம்பினதில்லை. பிறகு வளர்ந்து வாசித்த பிறகுதான் கிழவன் பொய் சொல்லவில்லை என்று விளங்கியது.

என்னுடைய கேள்வி வேறு. மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கி கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பான் விமானங்கள் தாழ்த்தியது. 300 பேருக்கு மேல் செத்தார்கள். எத்தனை தரம் தேடினாலும் கூகுளில் வெறும் நீலம்தான் தெரிகிறது. தெளிவான படம் வந்தால் பார்க்க ஏலுமா?

---

வரைபடப் பையன் எழுதியது:

முடியாது அண்ணா. ஹெர்மிஸ் கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. செயற்கைக்கோளின் கண் தண்ணீருக்குள் அவ்வளவு தூரம் போகாது. கண்ணாடி மாதிரி தெளிந்த கடலில்கூடப் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் உருவம் பிடிபடுவது கடினம்.

ஆழம் குறைவான இடத்தில் எப்படித் தெரியும் என்று பார்க்க வேண்டுமானால் மார்ஷல் தீவுகளில் குவாஜலின் போங்கள். ஜெர்மனியின் பிரின்ஸ் ஆய்கன் என்ற கனரகப் போர்க்கப்பல் அங்கே இருக்கிறது. போருக்குப் பிறகு அமெரிக்கா அதை எடுத்துக்கொண்டு போய் 1946-ல் பிகினி அணுகுண்டுச் சோதனையில் நிறுத்தியது. இரண்டு குண்டுக்கும் தப்பியது. பிறகு குவாஜலினுக்கு இழுத்து வந்தார்கள். அதே டிசம்பரில் தண்ணீர் புகுந்து கவிழ்ந்துவிட்டது. படத்தில் ஒரு தீவின் ஓரம் குப்புறக் கிடக்கிறது. பின்பக்கம் தண்ணீருக்கு வெளியே நிற்கிறது, மிச்சம் நீலத்துக்குள் படிப்படியாக மங்கிப் போகிறது. எங்கே மங்கி மறைகிறதோ, அங்கே உங்கள் செயற்கைக்கோளின் கண் முடிகிறது.

---

உப்புக்காற்று எழுதியது:

கொட்டியாரம் அண்ணே, மிதக்கும் தளம் என்றதும் தூக்கிவாரிப்போட்டது. 2018 அக்டோபரில் மர்மான்ஸ்க் அருகே ரோஸ்லியகோவோவில் அதே கதை. பிடி-50 என்ற 330 மீட்டர் மிதக்கும் தளம், அப்போது ரஷ்யாவிடம் இருந்த ஒரே விமானந்தாங்கியான அட்மிரல் குஸ்னெத்சோவ் உள்ளே நிற்கும்போதே தாழ்ந்துவிட்டது. கப்பல் தப்பியது, பாரந்தூக்கி ஒன்று சரிந்து மேல்தளத்தைக் கிழித்தது. படத்தில் பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை என்பதுதான் விஷயம். ஒரு தேதியில் முந்நூறு மீட்டர்ச் சாம்பல்நிறச் செவ்வகம். அடுத்த தேதியில் தண்ணீர்.

இன்னொன்று. மூழ்கிய ஹெர்மிஸின் பெயரையே பிரிட்டன் பின்னால் வேறொரு விமானந்தாங்கிக்கும் வைத்தது. அந்த இரண்டாவது ஹெர்மிஸ்தான் 1987-ல் நம் கடற்படைக்கு வந்து ஐஎன்எஸ் விராட் ஆனது. 2017-ல் ஓய்வு. 2020 செப்டம்பரில் குஜராத்தில் கப்பல் உடைக்கும் கடற்கரையான அலங்கில் கரையேற்றினார்கள். படங்களை வரிசையாகப் பார்த்தால், அந்த வளைந்து ஏறிய முன்முனை முதலில் போகிறது. அப்புறம் தளம் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகிறது. கடைசியில் சேறு.

---

அடையாறு அக்கா எழுதியது:

நான் படம் பார்க்கிற ஆள் இல்லை. ஆனால் 2012 அக்டோபர் கடைசியில் நீலம் புயல் வந்தபோது பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் எங்கள் கடற்கரைக்கு வந்து நின்றதைக் கண்ணால் பார்த்தவள். பெசன்ட் நகரிலிருந்து பார்த்தால் ஒரு தெருவே கடலில் எழுந்து நின்ற மாதிரி இருந்தது. ஜனங்கள் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்கள், நானும்தான். உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களில் சிலர் திரும்பவில்லை என்று மறுநாள் பேப்பரில் படித்தபோது சுண்டல் ஞாபகம் வந்து சங்கடமாக இருந்தது.

அதனால் கேட்கிறேன். ‘கைவிட்ட கப்பல்’ என்று படம் போடுகிறீர்களே, அதில் ஆள் இருக்கிறார்களா இல்லையா என்று மேலிருந்து தெரியுமா?

---

உப்புக்காற்று எழுதியது:

அக்கா, நேர்மையாகச் சொன்னால் நான் அதை யோசித்ததே இல்லை.

செயற்கைக்கோள் படத்தால் கண்டுபிடித்த கைவிட்ட கப்பல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ரோசஸ். 86 மீட்டர்ச் சின்னக் கப்பல். 2013-ல் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டோடு பெய்ரூட் துறைமுகத்துக்குள் வந்தது, பிறகு கிளம்பவே இல்லை. முதலாளி கைவிட்டுவிட்டார். சரக்கைக் கிடங்கில் இறக்கி வைத்தார்கள். அந்தச் சரக்குதான் 2020 ஆகஸ்ட் 4-ல் வெடித்தது. வெடித்த பிறகு உலகமே கேட்டது, கப்பல் எங்கே என்று. நியூயார்க் டைம்ஸ்காரர்கள் பழைய படங்களைத் தோண்டிப் பார்த்தார்கள். துறைமுகத்தை விட்டு அது போகவே இல்லை. 2018 பிப்ரவரியில் அங்கேயே மூழ்கி, வெடித்த இடத்திலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் தண்ணீருக்கடியில் கிடந்தது.

ஆனால் அதில் கேப்டனும் சில மாலுமிகளும் 2014-ல் பல மாதம் இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார்கள். படத்தில் அதெல்லாம் தெரியாது. கப்பல் நிற்கிறது, அவ்வளவுதான் தெரியும்.

---

தோணித்துறை எழுதியது:

ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குத்தான் கணக்குத் தொடங்கினேன். தூத்துக்குடிக்காரன். வணிகக் கப்பலில் இன்ஜினியராக இருபத்தாறு வருடம், இப்போது வீட்டில்.

அக்கா கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். மேலிருந்து ஆள் தெரியாது, ஆனால் சில அடையாளம் உண்டு. பக்கத்தில் படகு வந்து நிற்கிறதா. மேல்தளத்தில் துணி, தார்ப்பாய் இடம் மாறுகிறதா. ராத்திரி விளக்கு எரிகிறதா என்று பார்க்க முடிந்தால் அதுவே போதும். சம்பளம் வராத கப்பலில் முதலில் போவது டீசல், டீசல் போனால் ஜெனரேட்டர், ஜெனரேட்டர் போனால் விளக்கு, குளிர்ப்பெட்டி, தண்ணீர்ப் பம்பு எல்லாம் ஒரே நாளில். எகிப்தில் அமான் என்ற கப்பலில் சிரியாவைச் சேர்ந்த மாலுமி ஒருவர் 2021 வரை நாலு வருடம் சிக்கியிருந்தார், பெரும்பகுதி தன்னந்தனியாக. நீதிமன்றம் அவரைக் கப்பலுக்குக் காப்பாளர் என்று எழுதிவிட்டது, இறங்கினால் குற்றம். கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றக் கரைக்கு நீந்திப் போய் வந்திருக்கிறார். நானும் ஒருமுறை, கப்பல்கள் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் ஓர் இடத்தில் ஐந்து மாதம் கிடந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். மழைத்தண்ணீர் பிடிக்க ஹட்ச் (சரக்கறையின் வாய்) மூடிமேல் தார்ப்பாய் விரித்து வைப்போம். அப்போது யாராவது மேலிருந்து பார்த்திருந்தால் ‘நீலத் தார்ப்பாய் போட்ட கைவிட்ட கப்பல்’ என்று எழுதியிருப்பார்கள்.

இப்போது என் வேலை. நான் முதன்முதலில் ஏறிய கப்பலைத் தேட வேண்டும். 1994, எட்டு மாதம், ஜூனியர் இன்ஜினியர். மொத்தச் சரக்குக் கப்பல் (தானியம், நிலக்கரி மாதிரி மூட்டை கட்டாத சரக்கு ஏற்றுவது), 190 மீட்டர், ஐந்து ஹட்ச், நான்கு கிரேன். 2012-ல் அலங்குக்குப் போய்விட்டது என்று கூட வேலை பார்த்தவர் ஒருவர் சொன்னார். மாதம்கூடத் தெரியும், ஆகஸ்ட். பழைய பெயரில் தேடினால் எதுவும் வரவில்லை.

---

உப்புக்காற்று எழுதியது:

சார், வணக்கம். உங்களிடம் ஐஎம்ஓ எண், அதாவது கப்பலின் அடையாள எண், இருக்கிறதா? ஏழு இலக்கம்.

---

தோணித்துறை எழுதியது:

சிடிசி புத்தகத்தில் (மாலுமியின் பணிப்பதிவேடு) இருந்தது. இப்போதுதான் பெட்டியைக் குடைந்து எடுத்தேன். எண் மாறாது என்பது மறந்தே போயிற்று பாருங்கள். உடைக்க விற்கும்போது நடுவில் வாங்குகிறவன் பெயரை மாற்றுவான், கொடியை மாற்றுவான். புதிதாகப் பெயர் எழுதக்கூடக் கஞ்சத்தனம். பழைய பெயரில் முன்னே பின்னே இரண்டு எழுத்தைப் பெயின்ட் அடித்து அழித்துவிட்டு மிச்சத்தையே பெயராக வைப்பான். என் கப்பலுக்கும் அதுதான் நடந்திருக்கிறது. எண்ணைப் போட்டுத் தேடினேன். கடைசிப் பெயர் கிடைத்தது, பாதிப் பெயர்.

---

உப்புக்காற்று எழுதியது:

பாதி வேலை முடிந்தது. அலங்கில் படம் பார்ப்பதற்கு முன் கொஞ்சம் சொல்கிறேன், புதியவர்களும் படிக்கட்டும்.

1983-ல் அங்கே உடைக்கும் வேலை தொடங்கியது. ஏன் அந்தக் கடற்கரை? காம்பே வளைகுடாவில் கடல் ஏறி இறங்குவது ஏறக்குறைய பத்து மீட்டர். நம் பக்கம் ஒரு மீட்டர் ஏறினாலே பெரிது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உச்சத்தில் இருக்கும்போது கப்பலைக் காலியாக்கி முழு வேகத்தில் கரையை நோக்கி விடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் கப்பல் சேற்றில் உட்கார்ந்துவிடும். படத்தில் பார்த்தால் தொழுவத்தில் மாடு கட்டின மாதிரி எல்லாம் முகத்தைக் கரைப்பக்கம் வைத்து வரிசையாக நிற்கும். முன்பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே வருவார்கள். எடை குறையக் குறைய விஞ்சு (கம்பி வடம் சுற்றி இழுக்கும் இயந்திரம்) போட்டு மேலே இழுப்பார்கள். உலகத்திலேயே நீளமான கப்பல், சீவைஸ் ஜயன்ட், 458 மீட்டர், அதுவும் 2009 டிசம்பரில் இங்கேதான் வந்து முடிந்தது. கரையிலிருந்து உள்ளே போகும் சாலையோரம் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் விதை சிதறின மாதிரி இருக்கும். அவ்வளவும் உயிர்காப்புப் படகு, பழைய சாமான் கடைகளில்.

சார், 2012 ஆகஸ்டுக்குப் பிறகான தேதிகளை எடுத்துப் பார்த்தேன். மழைக்கால மேகம் விலகிய பிறகு எடுத்த படத்தில் 180-லிருந்து 200 மீட்டருக்குள் இருக்கக்கூடிய சரக்குக் கப்பல் மட்டும் ஆறு. முன்பக்கம் வெட்டுப்பட்டவற்றின் முழு நீளம் தெரியாது, அகலத்தையும் ஹட்ச் இடைவெளியையும் வைத்துத்தான் சொல்கிறேன். நான்கு கிரேன் கப்பல் அந்த ஆறில் மூன்று. உங்கள் கப்பலில் தனி அடையாளம் ஏதாவது உண்டா? மேலிருந்து தெரிகிற மாதிரி?

---

தோணித்துறை எழுதியது:

யோசித்தேன். ஒன்று இருக்கிறது, ஆனால் அது 1994 பெயின்ட், இத்தனை வருடம் நிற்குமா தெரியவில்லை. ஹட்ச் மூடியெல்லாம் சிவப்பு. நாலாம் நம்பர் மட்டும் சாம்பல். செராங்கு (மேல்தள மாலுமிகளின் மேஸ்திரி) நம்மூர் ஆள், சிவப்புப் பெயின்ட் தீர்ந்துபோனதால் கையில் இருந்ததை அடித்துவிட்டார். அடுத்த துறைமுகத்தில் பெயின்ட் வந்ததும் மாற்றலாம் என்றார். அடுத்த துறைமுகத்தில் பெயின்ட் வரவில்லை. நான் இறங்கும்வரை சாம்பல்தான்.

---

வரைபடப் பையன் எழுதியது:

பின்னால் வந்தவர்கள் எல்லாவற்றையும் சிவப்பாக அடித்திருந்தால்?

---

தோணித்துறை எழுதியது:

தம்பி, நீங்கள் கப்பல் முதலாளிகளைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

---

உப்புக்காற்று எழுதியது:

சார். மூன்றில் நடுவில் இருப்பதைப் பாருங்கள். ஆள்கூறு உங்கள் தனிமடலில் போட்டிருக்கிறேன்.

தையலா என்று முதலில் பார்த்தேன், ஒருமுறை சூடு பட்டவன். தையல் இல்லை, பக்கத்துக் கப்பலின் நிழலும் இதன் நிழலும் ஒரே கோணத்தில் விழுகிறது, ஒரே தேதி. முன்முனையும் முதல் இரண்டு ஹட்சும் இல்லை. மூன்றாவது சிவப்பு. நான்காவது மங்கலாக, சாம்பல் மாதிரி. ஐந்தாவது சிவப்பு. மூடி கழற்றி எடுத்திருந்தால் உள்ளே கறுப்பாகத் தெரியும். இது கறுப்பு இல்லை. நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன், சாரே பார்த்துச் சொல்லட்டும்.

---

கொட்டியாரம் எழுதியது:

நானும் பார்த்தேன். எனக்கும் சாம்பல்தான்.

---

தோணித்துறை எழுதியது:

அதுதான்.

ஹட்ச் மட்டும் இல்லை. புகைபோக்கிக்குப் பின்னால் இடதுபக்கம் ஒரு சின்னச் சதுரம் தெரிகிறது பாருங்கள், அது நாங்கள் வெல்டிங் பண்ணிய ஸ்டோர் ரூம். கப்பல் கட்டின வரைபடத்தில் அது கிடையாது. சீஃப் இன்ஜினியர் நிற்கவைத்து வேலை வாங்கினார்.

அடுத்த தேதிக்குத் தள்ளிப் பார்த்தேன், நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி. அதில் பின்பாதி மட்டும் மிச்சம். மேலே நாங்கள் குடியிருந்த அறைகள் எல்லாம் போய்விட்டன. புகைபோக்கி இல்லை. இன்ஜின் ரூம் கூரையில்லாமல் திறந்து கிடக்கிறது. மெயின் இன்ஜினை இன்னும் எடுக்கவில்லை, சிலிண்டர் தலைகள் வரிசையாகப் புள்ளி வைத்த மாதிரி, எண்ணினால் ஆறு, சரியாக இருக்கிறது. நான் எட்டு மாதம் டியூப்லைட் வெளிச்சத்தில் மட்டுமே பார்த்த இடத்தில் வெயில் அடிக்கிறது.

அதற்கடுத்த தேதியில் அந்த இடத்தில் வேறொரு கப்பல் நிற்கிறது.

தம்பி, இந்த நடுப் படத்தை வீட்டில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாகப் பிரின்ட் போட வேண்டும். எப்படிச் சேமிப்பது?

---

வரைபடப் பையன் எழுதியது:

மேலே ‘சேவ் இமேஜ்’ அழுத்துங்கள் சார். தெளிவு என்ற இடத்தில் 4800 பிக்சலைத் தேர்ந்தெடுங்கள். தலைப்பு, திசைகாட்டியெல்லாம் படத்தின்மேல் வரும், வேண்டாமென்றால் டிக்கை எடுத்துவிடுங்கள். அடியில் இருக்கிற தேதியை மட்டும் எடுக்காதீர்கள்.